புரோட்டாக் கடையில் எங்களுக்கும் ஒரு மேசை

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் விருதுநகரில் ஏதாவது ஒரு புரோட்டாக் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். உள்ளே இலை விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். வெளியே, அடுப்புக்குப் பக்கத்தில், வயர்க்கூடையோடு நிற்பவர்களில் பெண்களைப் பார்க்கலாம். பஜாரில் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவர்கள். யாரும் படியேறி உள்ளே போவதில்லை. பொட்டலம் கட்டி வரும்வரை தெருவில் நின்று, வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். எங்கள் ஊர் எண்ணெய் புரோட்டாவைத் தேடிச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கார் போட்டு வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் அதைப் பொட்டலம் பிரித்துத்தான் தின்றிருக்கிறார்கள். இது மாற வேண்டும்.

நான் மெயின் பஜாரில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவள். உளுந்து, துவரை, மல்லி, வத்தல், எண்ணெய் டின் என்று நாள் முழுக்க அடுத்தவர் சமையலுக்குப் போகிற சரக்கோடுதான் என் பிழைப்பு. பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று போடுகிறார்களே, அது எங்கள் பஜாரின் விலை. மகள் வெளியூரில் படிக்கப் போன பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நானும் என் மாமியாரும் மட்டும்தான். சனிக்கிழமைதோறும் ஊரில் ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. விருதுநகரிலேயே பிறந்து விருதுநகரிலேயே வாழ்க்கைப்பட்டவர். "புரோட்டாவ சட்டியிலருந்து எடுத்து எலையில போடுறத நான் கண்ணால பாத்ததே இல்ல தாயி" என்று அவர் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மைதாவை உப்பும் தண்ணீரும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி ஊறவைக்கிறார்கள். பிறகு உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி வரிசையாக அடுக்குகிறார்கள். மாஸ்டர் ஓர் உருண்டையை எடுத்துப் பலகையில் தட்டி, இரண்டு கையாலும் விசிற விசிற, மாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெலிகிறது. அதைக் கொசுவம் போல மடித்துச் சுருட்டி, உள்ளங்கையால் தட்டுகிறார். மற்ற ஊர்களில் கல்லில் போட்டுச் சுட்டு, அடித்துத் தருவார்கள். எங்கள் ஊரில் அடுப்பில் இருப்பது அகலமான தட்டைச் சட்டி. அதில் எண்ணெய் நிற்கும். புரோட்டாக்களை நெருக்கமாக அதில் இறக்கிவிட்டு மாஸ்டர் அடுத்த உருண்டைக்குப் போய்விடுவார். ஓரங்களில் பெரிதாகக் கிளம்பும் குமிழி மெல்லச் சிறுத்து அடங்குகிற சத்தம் அவர் காதில் விழும் போலிருக்கிறது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான நேரத்துக்குக் கரண்டியை நீட்டித் திருப்புகிறார். பொன்னிறம் ஏறியதும் சட்டியின் சரிவில் சாய்த்து எண்ணெயை வடியவிட்டு, நேரே இலையில்.

அப்போது அதை விரலால் அழுத்தினால் மேல்புறம் நொறுங்கும். உள்ளே அடுக்கு அடுக்காக மெத்தென்று இருக்கும். முதல் விள்ளலைச் சால்னா தொடாமல் தின்ன வேண்டும் என்பது என் கட்சி. அத்தை அதற்குள் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிவிட்டார். தேங்காயும் சோம்பும் கசகசாவும் அரைத்துவிட்ட சால்னா மேலே பட்டதும் மொறுமொறுப்பு போகாமல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் நிற்கும். அந்த நேரத்துக்குள் தின்பதுதான் எண்ணெய் புரோட்டா. பிறகு சுக்கா, ஈரல், சுவரொட்டி, குடல் என்று அவரவர் விருப்பம். சாப்பாட்டுக்கு மேல் குளிர்ந்த பவண்டோ குடிக்காமல் எங்கள் ஊர்க்காரர்கள் எழுந்திருப்பது அபூர்வம். அதைத் தயாரிக்கும் காளிமார்க் 1916இல் விருதுநகரில் தொடங்கிய கம்பெனி என்பது எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை.

இதையே பொட்டலமாக வாங்கினால் என்ன ஆகும்? இலையும் பேப்பருமாகச் சுற்றியதும் ஆவி உள்ளேயே நின்றுவிடுகிறது. பாண்டியன் நகருக்கோ அல்லம்பட்டிக்கோ போய்ச் சேர்வதற்குள் புரோட்டா நனைந்த அட்டையாகிவிடும். கொதிக்கிற சால்னாவைப் பாலித்தீன் பையில் ஊற்றி நூல் சுற்றித் தருகிற பழக்கமும் ஒழியவில்லை. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அச்சடித்த செய்தித்தாளில் உணவைச் சுற்றக் கூடாது, மை உடம்புக்குக் கேடு என்று உணவுப் பாதுகாப்புத் துறை பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. ஆறிப்போனதையும், பிளாஸ்டிக்கில் கொதித்ததையும் தின்கிற பங்கு யாருக்கு வருகிறது? வீட்டுக்குள் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, அதாவது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்.

நாங்கள் முதலில் போன கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நல்ல ருசியான கடை. கல்லாவில் இருந்த அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் "பார்சலாம்மா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, உக்காந்து சாப்பிடணும்."

"எத்தன பேரு? ஆம்பளைக யாரும் வல்லையா?"

"நாங்க ரெண்டு பேருதான்."

"அப்ப மாடிக்குப் போங்கம்மா, ஃபேமிலி ரூம் இருக்கு. கீழ ஒங்களுக்குத் தோதுப்படாது."

அவர் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. எங்கள் நல்லதுக்குச் சொல்வதாகவே நினைத்தார். செங்குத்தான படியில் அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே ஜன்னல் இல்லாத அறை, ஏசி, மேசைக்கு மேசை திரை. கீழே சட்டியிலிருந்து எடுத்த புரோட்டா, படியேறி, தட்டில் காத்திருந்து எங்களிடம் வந்தபோது சூடு பாதிதான் இருந்தது. விலை மட்டும் கீழே இருப்பதைவிடக் கூடுதல். கேட்டால் "ஏசிக்கு வரி ஜாஸ்தி" என்றார் பரிமாறிய தம்பி. கணக்கு எழுதுகிறவளிடம் அந்தப் பேச்சு செல்லாது. சாதாரண ஓட்டல்களில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான் என்று 2017 நவம்பரிலேயே மாற்றிவிட்டார்கள். அறையைக் குளிர வைக்கிற செலவுக்குக் கடை கூடுதலாகக் கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் கீழே உட்காரக் கேட்ட பெண்களை மேலே அனுப்பிவிட்டு, அதற்கு நாங்களே காசும் கொடுக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

அடுத்த வாரம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். நாலே மேசை. மாடியும் கிடையாது, திரையும் கிடையாது. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது என்னவோ உண்மை. சட்டி முன்னால் நின்ற மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மதினி, இந்தா இங்கன உக்காருங்க. காத்து வரும், அடுப்பு வெக்க தெரியாது" என்று சொல்லி, சால்னா வாளியை நகர்த்தி ஒரு மேசையைக் காலி செய்தார். பக்கத்து மேசை லோடுமேன்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பழைய பேச்சைத் தொடர்ந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அத்தை சுவரொட்டி கேட்டார். மாஸ்டர் இரும்புச் சட்டியில் வெங்காயம், மிளகு, கருவேப்பிலையோடு புரட்டி, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கடைக்கு வாடிக்கை. ஒருநாள் தெருவில் பார்சலுக்கு நின்ற ஓர் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "உள்ள எடம் இருக்கா?" என்று கேட்டு, இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இப்படியே ஊரைச் சுற்றி வந்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. விருதுநகர் சாப்பாட்டில் பெண்கள் கை படாத வேளையே இல்லை. விடியற்காலை அல்லம்பட்டி, ரோசல்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டு வாசலில் அடுப்பைப் போட்டு இட்லி, ஆப்பம், பணியாரம் விற்பவர்கள் எல்லாம் பெண்கள். நாலு மணிக்கு எழுந்து சட்னி அரைப்பவர்களிடம் வரிசையில் நின்று சாப்பிட்டுத்தான் மூட்டை தூக்குகிறவர்கள் பஜாருக்கு வருகிறார்கள். சாயங்காலம் கருப்பட்டி மிட்டாயும் சேவும் விற்கிற கடைகளில், எடை போட்டுத் தருகிற கைகளில் எத்தனையோ பெண்கள் கை. புரோட்டாக் கடைகளிலேயே பின்கட்டில் வெங்காயம் உரிப்பதும் மசாலா அரைப்பதும் பாத்திரம் துலக்குவதும் யார்? அடுப்படி முழுக்கப் பெண்கள் இருக்கலாம், முன்பக்கத்து மேசையில் மட்டும் தோதுப்படாது என்றால் அதை எப்படி ஏற்பது?

ஊருக்கும் இது பழக்கமில்லாத காட்சி அல்ல. பங்குனிப் பொங்கலுக்குப் பராசக்தி மாரியம்மன் கோயில் திருவிழா நடக்கும்போது வந்து பாருங்கள். தேசபந்து மைதானத்தைச் சுற்றியும் பொருட்காட்சியிலும் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றும் உட்கார்ந்தும் தின்கிறார்கள். டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, ஐஸ், நேரம் நடுராத்திரியை நெருங்கினாலும் சரி. எந்த அண்ணாச்சியும் ஆம்பளைக வரவில்லையா என்று கேட்பதில்லை. எந்த வீட்டிலும் குறை சொல்வதில்லை. திருவிழாவில் சரியாக இருப்பது சாதாரண சனிக்கிழமையில் ஏன் தப்பாகிறது என்று நான் கேட்ட எவரிடமும் பதில் இல்லை.

இந்த ஊரின் பள்ளிக்கூடக் கதையிலும் எங்கள் அடுப்படிகளுக்குப் பங்கு உண்டு. காமராசர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளிக்கு வீடுவீடாகப் பிடி அரிசி வாங்கிச் செலவைச் சமாளித்த காலம் ஒன்று இருந்தது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்தவர்கள் எங்கள் பாட்டிகள். பிற்காலத்தில் முதலமைச்சராகி ஊர் ஊராகப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட வைத்தாரே, அந்த மனுஷர் பிறந்த ஊர் இது. பசிக்கு ஆண் பெண் வித்தியாசம் பார்க்காமல் பந்தி போட்டவர் ஊரில் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசையைக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்.

ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜவுளிக்கடை, மளிகைக்கடை, அச்சகம், ஆபீஸ் என்று வேலைக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அங்கே படிக்கிற பெண் பிள்ளைகளும் ஆஸ்பத்திரி நர்சுகளும் வெளியூர்க்காரர்கள். டூட்டி முடிந்து வரும்போது அவர்களுக்குச் சமைத்து வைத்துக் காத்திருக்க இங்கே அம்மா இல்லை. பெண்கள் கல்லூரி ஏற்கனவே இருக்கிறது. இத்தனை பேரும் ராத்திரி எங்கே சாப்பிடுவது? ஒன்று விடுதி மெஸ், இல்லையென்றால் மதுரை ரோட்டில் புதிதாக வந்திருக்கிற, கண்ணாடிக் கதவு போட்ட கேக் கடைகள். ஷவர்மா, பர்கர் விற்கிற கடைகளில் பெண் பிள்ளைகள் தைரியமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ருசியைப் பார்த்து அவர்கள் அங்கே போகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வெளிச்சமாக இருக்கிறது, கை கழுவ நல்ல இடம் இருக்கிறது, தாழ்ப்பாள் போட்ட கழிப்பறை இருக்கிறது, தனியாக வந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. இது நாலும் இருந்தால் அந்தப் பிள்ளைகள் எண்ணெய் புரோட்டாவுக்கு வருவார்கள்.

கடைக்காரர்கள் தரப்பையும் கேட்டிருக்கிறேன். எங்கள் கமிஷன் கடைக்குச் சரக்கு எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஓட்டல்காரர்கள்தான். "எட்டரைக்கு மேல தண்ணியப் போட்டுட்டு வர்ற கூட்டம் ஜாஸ்தி தாயி. அந்த நேரத்துல பொம்பளப் பிள்ளைக உக்காந்திருந்தா எங்களுக்குத்தான் பக்குபக்குங்கும்" என்றார் ஒருவர். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறவனுக்குப் பயந்து பெண்களை மாடிக்கு அனுப்புவதா, அவனை வாசலிலேயே நிறுத்துவதா என்பதில்தான் கடைக்காரர் யார் பக்கம் என்பது தெரியும். ஆறரை முதல் எட்டரை வரை குடும்பங்களும் பெண்களும் கீழே நிறைந்திருக்கிற கடையில் அவனே குரலைத் தாழ்த்துவான். நாங்கள் போகிற சந்துக் கடையில் இதைக் கண்ணால் பார்க்கிறேன்.

இன்னொருவர் வியாபாரக் கணக்குச் சொன்னார். மேசை கொஞ்சம்தான், பெண்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும், மேசை திரும்பாது என்றார். அவருடைய கஷ்டம் எனக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கு அடிப்படை இறக்குமதி வரியை 20 சதவீதமாக ஏற்றியபோது டின் விலை ஏறியதை என் கையால்தான் பேரேட்டில் எழுதினேன். 2025 மே கடைசியில் அதை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். ஏறியபோது ஏறிய வேகத்தில் இறங்கும்போது விலை இறங்கவில்லை. எண்ணெயிலேயே பிழைக்கிற கடைக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று தெரிந்தே சொல்கிறேன்: உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பம் புரோட்டாவோடு நிறுத்துவதில்லை. சுக்கா சொல்லும், ஆம்லெட் சொல்லும், பிள்ளைக்குப் பவண்டோ வாங்கும். பார்சலுக்கு வருகிற பெண் வீட்டில் சொல்லி அனுப்பியதை மட்டும்தான் வாங்கிப் போவாள். செயலியில் ஆர்டர் வாங்கிக் கமிஷன் கொடுப்பதைவிட, வாசலில் நிற்கிறவளை உள்ளே கூப்பிடுவது லாபம்.

இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே உட்கார்ந்தால் அடுப்படி தெரிகிறது. பொரித்த எண்ணெயில் போலார் காம்பவுண்ட் என்கிற கேடான பொருள் 25 சதவீதத்துக்கு மேல் போனால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் விதி. அதை அளக்கக் கருவி வேண்டும், அதிகாரி வர வேண்டும். ஆனால் எண்ணெய் கறுத்துக் கெட்டியாகிவிட்டதா, அடுப்பேறியதும் அளவுக்கு மீறிப் புகைகிறதா, நுரை அடங்காமல் நிற்கிறதா என்று பார்க்கத் தினமும் வீட்டில் வடை சுடுகிற ஒரு கண் போதும். அத்தை ஒரு கடையில் சட்டியைப் பார்த்துவிட்டு, "எண்ணெய மாத்துங்க தம்பி, நாங்க காத்திருக்கோம்" என்று சொன்னார். மாற்றினார்கள். தெருவில் நின்று பொட்டலம் வாங்கியிருந்தால் அந்த எண்ணெயில் சுட்டதைத்தான் வீட்டுக்குக் கொண்டு போயிருப்போம்.

கடைக்கார அண்ணாச்சிமாருக்கு என் கோரிக்கை பெரிய செலவு வைக்காது. கீழ்த்தளத்தில், சட்டிக்குப் பக்கத்தில், வெளிச்சமான இடத்தில் பெண்கள் கேட்டால் மேசை கொடுங்கள். மாடிக்குப் போவதா கீழே இருப்பதா என்பதை வருகிறவர்கள் முடிவு செய்யட்டும். கை கழுவும் இடத்தில் சோப்பும், கழிப்பறைக் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் போடுங்கள். எங்களைப் பார்த்ததும் பார்சலா என்று கேட்காமல், வாங்க என்று சொல்லுங்கள். பார்சல் வாங்க வருகிறவர்கள் தூக்குவாளி கொண்டுவந்தால் அதில் ஊற்றித் தாருங்கள். நகராட்சிக்கும் ஒரு வார்த்தை: பஜாரைச் சுற்றி இத்தனை ஆயிரம் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் நம்பிப் போகிற மாதிரி, தண்ணீர் வருகிற, விளக்கு எரிகிற கழிப்பறைகளை ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்து வையுங்கள்.

பெண்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளிது. துணைக்கு ஆள் தேடாதீர்கள். அம்மாவை, மாமியாரை, கூட வேலை பார்க்கிறவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாள் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் உங்களுக்குச் சால்னா கெட்டியாக வேண்டுமா தண்ணியாக வேண்டுமா என்பது மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும். விருதுநகர் என்றில்லை, சாத்தூரானாலும் அருப்புக்கோட்டையானாலும் நீங்கள் இருக்கிற ஊர் எதுவானாலும் சரி. வருகிற சனிக்கிழமையே போங்கள். ஆறரைக்குப் போனால் இடம் கிடைக்கும். ஏழரைக்கு மேல் சுவரொட்டி இருக்காது.